செத்த பலகை

விளையாட்டரங்கம், சாமான் அறை
திங்கட்கிழமை, காலை பத்து மணி

எதிரணிகளின் தூக்கத்தைக் கெடுத்தவளும், பல் முளைத்த அன்றே என் சுண்டுவிரலைக் கடித்து ருசி பார்த்தவளுமாகிய அன்பு மருமகள் சுண்டெலிக்கு,

உன் தாய்மாமன், இருநூற்று இருபத்தைந்து மரப்பலகைகளுக்குத் தனி அதிபதி, எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் பேனா மை தர மறுக்கிறது. அதனால் அதை விட்டுவிடுகிறேன். உன் முழங்கால் நலமா? அக்கா நலமா? உனக்குத் துணைக்கு வந்த இடத்தில் அவள் நர்ஸுகளை வரிசையில் நிறுத்தி வேலை வாங்குவதாகவும், பெரிய டாக்டர் அவளைக் கண்டால் மாடிப்படி வழியாக ஓடுவதாகவும் கேள்வி. அக்காவின் திறமைக்கு ஒரு மருத்துவமனை போதாது. அரசாங்கமாகப் பார்த்து இன்னும் இரண்டு கட்டித் தர வேண்டும்.

நேற்று சாயங்காலம் அவள் போன் செய்தாள். நீ கிளப்புக்கு விலகல் கடிதம் எழுதி வைத்திருக்கிறாயாம். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டு அனுப்பப் போகிறாயாம். "முட்டி சரியாயிடுச்சு, அடுத்த சீசன் ஓடலாம்னு டாக்டரே சொல்றார்டா. இவதான் 'முட்டி இல்லம்மா, என் கை போயிடுச்சு, பந்து கையை விட்டுப் போன அன்னைக்கே எல்லாம் முடிஞ்சு போச்சு'ன்னு ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நீ சொன்னா கேப்பா. ஏதாவது சொல்லுடா," என்றாள். அக்கா என்னைக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. திட்டித்தான் கேட்டிருக்கிறேன்.

சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது. ஐந்து மாதமாக இருக்கிறது. போனில் மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் ஒரு ஜோக்கைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீயும் சிரித்தாய். காகிதத்தில் எழுதினால் நீ சிரிப்பது என் காதில் விழாது, நானும் தப்பித்து ஓட முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். புதன்கிழமைக்குள் உன் கையில் சேர்ந்துவிடும் என்று தபால் அலுவலகத்தில் சத்தியம் செய்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைக் கடைசி வரி வரை படித்துவிடு. ஆனால் உன் மாமன் எந்த ஊருக்காவது நேர்வழியில் போய்ச் சேர்ந்திருக்கிறானா? சுற்றிக்கொண்டுதான் வருவேன். பொறுத்துக்கொள்.

முதலில் அணியின் செய்தி. நீ யாரிடமும் எதுவும் கேட்பதில்லை, டிவியில் கூடைப்பந்து வந்தால் எழுந்து போய் அணைத்துவிடுகிறாய் என்று அக்கா சொன்னாள். அதனால் எல்லாவற்றையும் நான்தான் சொல்லியாக வேண்டும்.

நீ ஆம்புலன்ஸில் போன நான்காம் மாதம் ஏணியும் விழுந்தாள். மேகம் தலையில் இடிக்காமல் குனிந்து நடப்பாளே, அந்த ஏணிதான். பந்தைப் பிடிக்க எம்பியவள் விரல்களை வலையில் மாட்டிக்கொண்டாள். இரண்டு விரல் முறிந்தது. அதற்கு அடுத்த வாரம் தபால்காரி. எங்கிருந்து எறிந்தாலும் சரியான விலாசத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பவள், பஸ்ஸை விட்டு இறங்கும்போது தன் காலை மட்டும் தவறான விலாசத்தில் வைத்துவிட்டாள். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. பதினோரு அணிகள் சேர்ந்து செய்ய முடியாத வேலையை ஒரு பஸ் படிக்கட்டு செய்து முடித்தது.

பன்னிரண்டு பேர் ஒன்பது பேரானார்கள். காய்ச்சல் வந்த வாரத்தில் ஏழு பேர். பயிற்சிக்கு ஆள் போதாமல் பயிற்சியாளரம்மா என்னைக் கூப்பிட்டு, "மேஸ்திரி, சும்மா அந்த இடத்துல நில்லுங்க, அது போதும்," என்றார். நின்றேன். ஒருத்தியாலும் என்னைத் தாண்டிப் போக முடியவில்லை. என் ஆட்டத்திறமைதான் காரணம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். என் இடுப்புச் சுற்றளவு என்று அவர்கள் சொல்கிறார்கள்.

உன் இடத்தில் யார் ஆடினாள் தெரியுமா? டீச்சர்! ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குப் போனாளே, அவளேதான். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள், ஒரு மூக்குக்கண்ணாடி. அவள் ஓடுவதில்லை, நடக்கிறாள். ஆனால் அவள் "ஏய், நில்லு!" என்று ஒரு அதட்டல் போட்டால் எதிரணி நின்றுவிடுகிறது. ஒரு ஆட்டத்தில் நடுவரே கையைக் கட்டிக்கொண்டு நின்றதை இந்தக் கண்ணால் பார்த்தேன். அப்படியே நடந்து நடந்து அந்த மகராசி நம்மை அரையிறுதிக்குக் கொண்டுபோய் விட்டாள்.

அரையிறுதியைச் சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும். மூன்று விநாடி பாக்கி, ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். இரண்டு விரலையும் சேர்த்துக் கட்டுப்போட்டுக்கொண்டு ஏணி உள்ளே வந்தாள். டீச்சர் பந்தை மேலே தூக்கிப் போட்டாள். ஏணி அதைப் பிடிக்கவே இல்லை, நல்ல கையின் உள்ளங்கையால் ஒரு தட்டு. பந்து வளையத்தைச் சுற்றியது. ஒரு வாரம் சுற்றியது என்று வைத்துக்கொள்ளேன். பிறகு உள்ளே விழுந்தது. அரங்கத்தின் கூரை இரண்டடி மேலே போய் இறங்கியது. மறுநாள் ஏணி போட்டு அளந்து பார்த்தேன், இன்னும் அரை அங்குலம் தூக்கலாகத்தான் இருக்கிறது.

எல்லோரும் குதித்தார்கள். நான் மட்டும் துடைப்பானைப் பிடித்தபடி நின்றேன். ஏனென்று சொல்கிறேன்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அதன் முதுகில் உன் சட்டை தொங்கும். டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டாள், "நான் இங்க வாடகைக்குத்தான் வந்திருக்கேன், வீட்டுக்காரி வர்ற வரைக்கும் அந்த நாற்காலியை யாரும் தொடக்கூடாது," என்று. ஆனால் யாராவது ஒருவர் அதைத் தொட்டுத்தானே ஆக வேண்டும்? நாற்காலிகள் போடுவது, சட்டையை மடிப்புக் கலையாமல் மாட்டுவது எல்லாம் என் வேலை. பத்தொன்பது ஆட்டங்கள், பத்தொன்பது தடவை மாட்டினேன். மாட்டிவிட்டுத் திரும்பினால் உன் சட்டை என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருக்கும்.

சரி. இனிமேல் சுற்ற இடமில்லை. வந்துவிட்டேன்.

நம் தரையைப் பற்றி உனக்குத் தெரியும். இந்த அரங்கத்தில் இன்றைக்குக் கண்காட்சி, நாளைக்குப் பாட்டுக் கச்சேரி. அதனால் ஆட்டத்தன்று காலையில்தான் பலகைகளை அடுக்குவோம். ஒவ்வொரு பலகையின் அடியிலும் எண் இருக்கிறது, அந்தந்த எண் அந்தந்த இடத்தில் இருக்க வேண்டும். இருநூற்று ஏழாம் பலகையை உனக்குத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூரை ஒழுகி நனைந்து, அடியில் இருந்த ரப்பரெல்லாம் உளுத்துப்போன பலகை அது. பார்வைக்கு நன்றாக இருக்கும். பந்தைத் தட்டினால் முழங்கால் உயரம்கூட எழும்பாது. செத்த பலகை என்று எங்களுக்குள் பெயர். கோட்டுக்கு வெளியே, பத்திரிகைக்காரர்களின் நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்திருந்தோம். அங்கே யாரும் பந்து தட்டுவதில்லை, வடை தின்ற வாயால் ஊர்வம்புதான் தட்டுவார்கள்.

நீ விழுந்த அன்றைக்கு எதிரணியில் அந்த இடதுகைக்காரி வந்தாள். முந்தின ஆட்டத்தில் நமக்கு எதிராக முப்பத்தொரு புள்ளி எடுத்தவள். அந்தத் தோல்விக்குப் பிறகு நீ இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை, என் ஜோக்குக்குக்கூடச் சிரிக்கவில்லை. என் மருமகளைச் சிரிக்காமல் ஆக்கிய ஒரு பிறவி இந்தப் பூமியில் நடமாடலாமா என்று உன் மாமன் கொதித்தான். படை நடத்தும் தளபதி போல அவள் ஆட்டத்தை வீடியோவில் போட்டுப் போட்டுப் பார்த்தேன். கூடைக்கு இடப்பக்கம், வளைகோட்டுக்கு ஓரடி வெளியே, எப்போதும் ஒரே இடத்தில் பந்தை இரண்டு தடவை ஓங்கித் தட்டிவிட்டுத்தான் அவள் பாய்வாள். அங்கே கோடு எதுவும் கிடையாது. பலகையை மாற்றினால் கண்ணுக்குத் தெரியாது.

காலையில் பலகை அடுக்கும்போது, "இருநூத்தி ஏழை இங்க கொண்டா," என்றேன். தூக்கி வந்த இரண்டு பேரும் முழித்தார்கள். "மேஸ்திரி, நம்பர் மாறுதே," என்று ஒருவன் கேட்டும் விட்டான். "நம்பர் எனக்குத் தெரியாதா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் பலகை போட்டவன்டா, போடு!" என்றேன். போட்டார்கள்.

விளையாட்டுக்குத்தான் செய்தேன் என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அடித்த கோடு உனக்குத் தெரியும். தெரியட்டும்.

முதல் பாதியில் என் ஏற்பாடு அமோகமாக நடந்தது. இடதுகைக்காரி தட்டிய பந்து இரண்டு தடவை அப்படியே படுத்துக்கொண்டது. நம் பெண்கள் கொத்திக்கொண்டு போனார்கள். மூன்றாம் தடவை அவள் நின்று தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் இந்தச் சாமான் அறைக்குள் ஓடிவந்து, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு சிரித்தேன்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும், அந்தக் கூடை நமக்கு வரும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நீ வலப்பக்கமாகப் போகிறவள். உன் வழி எனக்கு மனப்பாடம். இருந்தாலும் இடைவேளையில் உன் காதில் ஒரு வார்த்தை போட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். வழியில் கேன்டீன். "இன்னைக்கு நாம ஜெயிச்சா அது யாரால தெரியுமாய்யா?" என்று கேன்டீன்காரரிடம் ஆரம்பித்தேன். "யாரால?" என்றார். அவ்வளவுதான். எனக்கு ஒரு ஆள் 'யாரால' என்று கேட்டுவிட்டால் போதுமே. விஷயத்தைச் சொல்லாமல் விஷயத்தைச் சுற்றியே அளந்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

உள்ளே பயிற்சியாளரம்மா உன்னிடம், வலப்பக்கத்தை அடைத்துவிட்டார்கள், இனி இடப்பக்கமாகப் போ என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரியாது.

நீ இடப்பக்கமாக வந்தாய். நான் கோட்டோரத்தில் துடைப்பானோடு நின்றேன். உனக்கும் எனக்கும் நடுவில் பத்து எட்டு தூரம் இருக்கும். நீ எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மூச்சு விடுகிற நேரம் இருந்தது. "சுண்டெலி, அங்க வேண்டாம்!" என்று ஒரு கத்தல் போதும். என் தொண்டை உனக்குத் தெரியாதா? வாத்தியார்களாலும் உன் அத்தையாலும் உன் அம்மாவாலும் மூட முடியாத வாய் இது. அன்றைக்குத் தானாக மூடிக்கொண்டது. கத்தினால் ஏன் கத்தினாய் என்று கேட்பார்களே என்று நினைத்தேன். அதைத்தான் முதலில் நினைத்தேன், கண்ணு. உன்னை இரண்டாவதாகத்தான் நினைத்தேன். அதற்குள் பந்து கீழே போய், மேலே வரவில்லை. அதை எடுக்க நீ குனிந்தாய். உடம்பு முன்னால் போயிற்று, கால் அங்கேயே நின்றது.

என் வாழ்க்கையில் கூட்டாமல் குறைக்காமல் எழுதும் வரி இது. அந்தச் சத்தத்தை நான் கேட்டேன்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "பந்து எப்படி மாமா நழுவுச்சு? எப்படி?" என்று கேட்டாய். வலிக்கிறது என்று சொல்லவில்லை, இதைத்தான் கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "கை வேர்த்திருக்கும் கண்ணு," என்றேன். ஐந்து மாதமாக நீ உன் கையைச் சந்தேகப்படுகிறாயே, அந்தச் சந்தேகத்தை உன் கையில் வைத்தவனும் நான்தான்.

அந்த ஆட்டத்தை நாம் நான்கு புள்ளியில் ஜெயித்தோம். மறுநாள் காலை முதல் வேலையாக இருநூற்று ஏழைப் பழைய மூலைக்குத் தள்ளினேன். தூக்கிய இருவரும் என்னைப் பார்க்கவில்லை. இன்றுவரை சரியாகப் பார்ப்பதில்லை.

இரண்டு மாதம் கழித்து இடதுகைக்காரியின் அணி மறுபடியும் வந்தது. பலகை துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் அவளே வந்து நின்றாள். "உங்க மருமக எப்படிங்க இருக்காங்க? எனக்கு மனசே சரியில்ல. அன்னைக்கு அதே இடத்துல எனக்கும் பந்து எழும்பல. தரையில ஏதாவது இருந்திருக்குமா?" என்று கேட்டாள். நல்ல பெண். நான் அவளை ராட்சசியாக நினைத்திருந்தேன். "தரையா? இது கண்ணாடிம்மா! உன் கையைப் பாரு," என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உண்மையிலேயே தன் கையைப் பார்த்துக்கொண்டு போனாள். அங்கே நீ, இங்கே அவள், இரண்டு பெண்கள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் பலகைக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை இறுதி ஆட்டம். ஒரு புள்ளியில் தோற்றோம். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதாள். தபால்காரி ஊன்றுகோலோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐயாயிரம் பேர் அழுத அந்த அரங்கத்தில் நான் ஒருவன் மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டேன். கோப்பை வந்திருந்தால் அந்த நான்கு புள்ளி வெற்றியும் அதற்குள் இருந்திருக்கும். அதைக் காப்பாற்றுவதற்காக இந்த வாய் கடைசிவரை திறந்திருக்காது. அந்தப் பெண்கள் கட்டுப்போட்ட விரலும் வீங்கிய காலுமாக உழைத்து வந்து தோற்றார்கள், அதற்கு நான் சந்தோஷப்பட்டேன். இதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை எட்டு மணிக்குப் பயிற்சியாளரம்மாவிடம் போனேன். பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு இடத்தில் பழக்க தோஷத்தில் ஒரு ஜோக் வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அதோடு நிறுத்திக்கொண்டேன். முடித்ததும், "அஞ்சு மாசமா அவ நாற்காலியை நீங்கதானே போட்டீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையிலிருந்த பந்தைப் பைக்குள் போட்டார். பிறகு, "அவகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "முதல்ல என்கிட்ட எதுக்கு வந்தீங்க? போய் அவளுக்கு எழுதுங்க. சங்கத்துக்கு எழுத வேண்டியதை நான் எழுதிக்கிறேன். மத்தியானத்துக்குள்ள சாவியை மேசை மேல வெச்சிடுங்க," என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஆகவே அதிபதி பதவி போயிற்று. அதைப் பற்றி நீ ஒரு நொடியும் வருத்தப்படாதே, அது போக வேண்டியது. உனக்கு முன்னால் இடதுகைக்காரிக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டுவிட்டேன். அது சின்னக் கடிதம், அதில் ஜோக் இல்லை. இதை அக்காவிடமும் படித்துக் காட்டு. அவள் திட்டுவதற்கு போன் செய்தால் என் பாக்கியம். செய்யாவிட்டாலும் நியாயம்தான்.

மன்னித்துவிடு என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நீ மன்னித்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. எனக்கு வேண்டியது அது இல்லை. என்னோடு பேசாதே, என் பெயரைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள். எல்லாம் சரி. அந்தக் காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதே. விலகுவது என்றால் உனக்குக் களைத்துப்போய் விலகு, வேறு ஆசை வந்து விலகு. நான் சொன்ன பொய்யை நம்பி விலகாதே.

உன் சிகிச்சை அறையின் மூலையில் ஒரு பந்து கிடக்கிறதாம், நீ அந்தப் பக்கமே போவதில்லையாம், அக்கா சொன்னாள். இதைப் படித்து முடித்ததும் போய் அதை எடு. நிற்க மனமில்லாவிட்டால் உட்கார்ந்தபடியே ஒரு தடவை தரையில் தட்டு. அது எழும்பி உன் கைக்குத்தான் வரும். அன்றைக்கு ஒரு தடவை வரவில்லை என்றால், அதற்கு வர வழியில்லாமல் நான் செய்துவிட்டதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

நீ நன்றாக ஓட வேண்டும், கண்ணு. என்னை விட்டு எவ்வளவு தூரமாக இருந்தாலும் சரி, ஓட வேண்டும்.

இப்படிக்கு,
உன் கையில் ஒரு குற்றமும் இல்லை என்று அறிந்த,
மாமா